கோது

ஆயிரம் ரின்னுக்குப் பதினேழு முறைப்பாடு.
வாங்குகிறவர்கள் அனுப்பிய படத்தில்
வெள்ளைக் கோப்பையின் ஓரமாய்
என் சின்னவிரல் நகத்தில் பாதியளவு
நீலக்கால் நண்டின் கோது.
நாவாந்துறையில் தப்பிக் கப்பலேறி
யாரோ ஒருவரின் பல்லில் பிடிபட்டிருக்கிறது.

"ஆர் விட்ட பிழை?" என்றார் மனேஜர் றொட்னி.
அவருடைய கேள்விகள்
ஆர் என்றுதான் எப்போதும் தொடங்கும்.
"ஆறு கிழமை தாங்கோ, எண்ணிப் பாக்கிறன்."
"எண்ணுறதுக்கோ சம்பளம்?"
பிறகு தந்தார்.
ஒரு சதுரறூள் கொப்பி, நாலு நிறத்தில் பேனை.

எண்ணத் தொடங்க முதல் என்னை எண்ணினேன்.
காலையில் பார்த்து முடித்த முப்பது தட்டையும்
இலக்கம் மாற்றி
மத்தியானம் திரும்ப என்முன் வைக்கச் சொன்னேன்.
காலையில் நாலு கோது,
மத்தியானம் ஏழு.
அதே தட்டு, அதே இறைச்சி, அதே நான்.
தொழிற்சாலையின் முதல் பிழை
என் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.
முதற்பக்கத்தில் அதைச் சிவப்பால் எழுதினேன்.
பிறகு நீல விளக்கொன்று பூட்டினோம்.
அந்த வெளிச்சத்தில் கோது பளிச்சிட்டது.
காலையும் மத்தியானமும் ஒரே கதை சொன்னது.

மூன்றாம் கிழமை
ஒன்பது மேசைகளையும் தனித்தனியே கூட்டினேன்.
மற்ற எட்டும் சேர்ந்து விட்ட அளவு
நாலாம் மேசை தனியே விட்டிருந்தது.
அங்கே எமல்டா.
கொப்பியை மூடமுதலே
எச்சரிக்கைக் கடிதம் அடித்தாயிற்று.
அவள் வாங்கி வாசித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
ஈரக் கையுறையைக் கழற்றி
உட்பக்கம் வெளியே திருப்பி
திரும்ப மாட்டிக்கொண்டாள்.

அந்தக் கையுறை இரவெல்லாம் என்னோடு இருந்தது.
விடிய, மேசைவாரியாய் எழுதியதை
நண்டுவாரியாய் மாற்றி எழுதினேன்:
முதுகு, கொடுக்கு, கால்.
காலில்தான் அத்தனையும்.
கால் உடைப்பது நாலாம் மேசை மட்டும்.
ஏன்?
வேறு கை பட்டால் இறைச்சி பிய்ந்துவிடும்.
தங்கள் தட்டில் கால் வந்தால்
எல்லோரும் சத்தமில்லாமல் அவள் பக்கம் தள்ளுவார்கள்.
பதினொரு வருசமாக, எந்தக் கடதாசியிலும் இல்லாத ஒழுங்கு.
கெட்டிக்காரிக்குக் கஷ்டமான வேலையைக் கொடுத்துவிட்டு
கணக்கை மட்டும் சமமாய்ப் போட்டிருக்கிறேன்.

சரி, கால் ஏன் நொறுங்குகிறது?
அவித்தது ஆறமுதல் உடைக்கிறார்கள்.
ஏன் ஆறவில்லை?
ஐஸ் பத்து மணிக்குத்தான் வருகிறது.
ஏன் பத்து?
லொறிக்காரன் முதலில் சந்தையில் இறக்குகிறான்.
ஏன் சந்தையில்?
விசாரிக்கப் பண்ணைப் பாலத்தடிக்குப் போனேன்.
எஞ்சினை நிற்பாட்டாமலே சொன்னான்:
"அவை கையில காசு தருவினம், பிள்ளை.
உங்கட ஆக்கள் மூண்டு மாசமாத் தரேல்லை."

ஐந்தாவது ஏன் நேரே போய்
றொட்னியின் மேசையில் நின்றது,
தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே
கையெழுத்து விழாத பில்லில், வட்டக் கறையோடு.
கொப்பியை அதன்மேல் விரித்து வைத்தேன்.
அவர் நெடுநேரம் வாசித்தார்.
ஆர் என்று கேட்கவில்லை.

இப்போது ஐஸ் ஏழரைக்கு வருகிறது.
கால் உடைக்க இன்னும் மூன்றுபேர் பழகுகிறார்கள்,
நிறைய இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்து.
பதினேழு நாலாகியிருக்கிறது. பூச்சியம் ஆகவில்லை.
கடிதத்தைக் கோவையிலிருந்து எடுக்கச்சொல்லி
இரண்டுதரம் எழுதிக் கொடுத்தேன்.
அதற்கு ஒரு படிவம் இருக்கிறதாம், தேடுகிறார்கள்.

போன திங்கள் புள்ளி கொஞ்சம் மேலே ஏறியது.
சுவரில் ஒட்டிய வரைபடத்தைப் பார்த்த கண்கள்
பழக்கத்தில் நாலாம் மேசைக்குத் திரும்பின.
எமல்டாவின் கை ஒரு கணம் நின்றது.
அடிமட்டத்தை எடுத்து வைத்துக் காட்டினேன்.
"கோட்டுக்குள்ளதான் நிக்குது.
ஒருத்தரையும் பாக்காதேங்கோ.
நண்டைப் பாருங்கோ."